ஃப்ரீவீலில் தேங்காய் எண்ணெய்

1

பனியில் சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் வலிக்காது. கேட்டவர்கள் "அப்ப பரவால்லயே" என்பார்கள். வலிக்காமல் போவதுதான் சங்கதியே என்று விளக்கப் போனால் பேச்சு நீளும். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற புதுச்சேரி நெல்லித்தோப்புக்காரர்களிடம் எதைச் சொல்லி விளக்குவது? அதனால் விட்டுவிடுவேன்.

நான் இருப்பது ஸ்த்ராஸ்பூரில். பிரான்சின் கிழக்கு ஓரம், ஜெர்மனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். புதுச்சேரிக்காரன் பிரான்சுக்கு வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. என் மனைவி ஷமீம் சொல்தா வீட்டுப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே நேஷனாலிட்டி. அவளைக் கட்டிய வகையில் நானும் வந்து சேர்ந்தேன். "எல்லாருக்கும் பொண்ணு கழுத்துல நகயப் போட்டு அனுப்புவாங்க, உனக்கு மட்டும் கையில பாஸ்போர்ட்டக் குடுத்து அனுப்பியிருக்காங்கண்ணே" என்று என் தம்பி யூசுப் கல்யாணத்தன்றே கிண்டல் செய்தான். அப்போதெல்லாம் அவன் என்னோடு நன்றாகப் பேசுவான்.

வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கிருக்கும் பெரியவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து காப்பிக்குக் காத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு டிராம் கிடையாது. கார் ஓட்டலாம் என்றால் லைசென்ஸ் இல்லை. ஊர் லைசென்ஸை இங்கே வந்த ஒரு வருடத்துக்குள் மாற்றியிருக்க வேண்டுமாம். அது எனக்குத் தெரிய வந்தது இரண்டாவது வருடம். சரி, புதிதாக எடுப்போம் என்று தேர்வு எழுதினால் எல்லாக் கேள்வியும் ஒரே கேள்விதான்: நாற்சந்தியில் முன்னுரிமை யாருக்கு? புதுச்சேரியில் யாருடைய ஹாரன் பெரிதோ அவனுக்கு. இங்கே வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு. என் தலையில் அது ஏறவே இல்லை. கடைசியில் ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டேன். அதற்கு யாரும் தேர்வு வைப்பதில்லை.

என் மகள் நஸ்ரினுக்கு அந்தச் சைக்கிள் ஒரு மானப் பிரச்சினை. "பப்பா, எங்க லிசே பக்கம் மட்டும் அதுல வராத" என்று பாதித் தமிழிலும் மீதியைப் பிரெஞ்சிலும் சொல்லிவிட்டாள். லிசே என்றால் அவள் படிக்கும் மேல்நிலைப் பள்ளி. நான் என் அப்பாவை அத்தா என்று கூப்பிட்டவன். இவளுக்கு எந்த வயதில் நான் பப்பா ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. இப்போது அவள் பள்ளியைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் போகிறேன்.

2

பனிக்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது. முன் பிரேக்கைத் தொடக்கூடாது. வளைவில் மிதிக்கக்கூடாது. கார் டயர் போன தடத்துக்குள்ளேயே சக்கரத்தை வைத்துக்கொண்டு, யாரோ தூங்குகிற வீட்டுக்குள் நடக்கிற மாதிரி போகவேண்டும். இரண்டு காலுறை, இரண்டு கையுறை, மூக்குவரை சால்வை. முதலில் மூக்கு போகும், பிறகு காது, பிறகு கால்விரல், கடைசியில் கைவிரல். போகும் என்றால் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. ஹேண்டில்பாரில் யாரோ ஒருவனுடைய கை இருக்கும். பிரேக்கைப் பிடி என்று நாம் சொல்வோம், அந்தக் கை யோசித்துவிட்டுப் பிடிக்கும்.

வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் வெதுவெதுப்பில் விரல்கள் திரும்பி வரும். அதுதான் வலி. ஊசி குத்துவது போல என்று எழுதிவிடலாம், ஆனால் அத்தனை லேசானது இல்லை. முதல் வருடம் அந்த வலியில் சமையலறைக் குழாயடியில் நின்று ஊர்க் கெட்ட வார்த்தைகள் அத்தனையும் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் பாத்திரம் கழுவும் மர்த்தின் அவற்றில் இரண்டைக் கற்றுக்கொண்டு, மிக்ஸி ஓடாதபோது அழகாகச் சொல்வாள்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விரல் மரத்துப்போகும் என்பதை என் தம்பி நம்பவில்லை.

3

அத்தாவுக்கு நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்தில் லுங்கி, பனியன், கைக்குட்டைக் கடை. போன வருடம் மார்கழியில், விடியற்காலை ஃபஜர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் வேலைக்கு வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது யூசுப் கூப்பிட்டான். "அண்ணே, அத்தா மௌத்தாயிட்டாருண்ணே" என்றான். இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னது. மாலை அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், அதற்கு முன்னால் வீடியோவில் முகத்தைக் காட்டுகிறேன் என்றான். சரி என்றேன்.

பிறகு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காலை உணவு வண்டிகளை மாடிக்கு அனுப்பினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை இல்லாத ஜாம் யாருக்கு, உப்பில்லாத சூப் யாருக்கு, ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் போனபிறகு ஷெஃப்பிடம் போய், எங்கப்பா போய்விட்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன். நான் சொன்ன தோரணையைப் பார்த்து அவர், "அப்படியா, எப்போது திரும்புவார்?" என்று கேட்டார். மர்த்தின்தான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கையைத் துடைத்துவிட்டு வந்து, என் கோட்டை எடுத்துக் கொடுத்து வாசல் பக்கம் தள்ளினாள்.

அதற்குள் டிராம் ஓட ஆரம்பித்திருந்தது. ஆனால் சைக்கிளை வேலையிடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சைக்கிளில் வந்தவன் சைக்கிளில்தான் வீடு திரும்புவான், எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கனமாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. கால்வாய்ப் பாலத்தின் மேல் ஏறும்போது கோட்டுக்குள் போன் அதிர்ந்தது. எடுத்தேன். யூசுப், வீடியோ.

அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பல்லால் கையுறையைக் கழற்றினேன். திரையில் பனி விழுந்து நீராகிக்கொண்டிருந்தது. பச்சையை இழுத்தேன். விரல் எங்கே படுகிறது, அழுத்துகிறதா, நழுவுகிறதா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மரக்குச்சியால் தேய்ப்பது போலத் தேய்த்தேன். அழைப்பு நின்றுவிட்டது. சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிடும்போது குளிரில் போன் அணைந்துவிட்டது. இங்கே போன்கள் அப்படித்தான், பாதி சார்ஜ் இருக்கும்போதே செத்துப்போகும்.

வீட்டில் ஷமீம் அழுது முடித்துக் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். போனைச் சார்ஜில் போட்டதும், பாலத்துக்கு வருவதற்கு முன்னாலேயே யூசுப் அனுப்பியிருந்த குரல் செய்தி வந்து விழுந்தது. "அண்ணே, மழ கட்டிட்டு நிக்குது. மத்தியானம் லுஹருக்கே எடுத்துடலாம்ங்கறாங்க. இப்ப வீடியோ போடறேன், அத்தா மொகத்தப் பாத்துக்க. ஒனக்காவத்தான் மூடாம வச்சிருக்கேன்."

மறுபடி கூப்பிட்டேன். அத்தாவைச் சுமந்த சந்தூக்கு தெருமுனையைத் தாண்டிவிட்டது என்று யாரோ ஒரு சின்னப் பெண் சொன்னாள்.

அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

4

அப்பா இறந்தால் இங்கே மூன்று நாள் விடுப்பு. எங்கள் மார்க்கத்திலும் துக்கம் மூன்று நாள்தான். அந்த ஒரு விஷயத்தில் பிரெஞ்சுச் சட்டமும் எங்கள் பள்ளிவாசல் ஹஜரத்தும் ஒத்துப்போனார்கள். விடுப்புக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டும், அதையும் நீதிமன்றத்தில் பதிவு செய்த ஆள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மாள் மொழிபெயர்த்து அனுப்பியதில், தொழில் என்ற இடத்தில் அத்தாவை 'உள்ளாடை வணிகர்' ஆக்கியிருந்தார். உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்தபோது கபர் மண் காய்ந்திருந்தது. அம்மா கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் தட்டிக்கொடுத்தேன். எங்கள் ரெட்டியார்பாளையத்து வீட்டில் யூசுப் எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"ஏன்ணே கட் பண்ண?"

"நான் எங்கடா கட் பண்ணேன்? தானா கட்டாயிட்டுது."

"ரிங்கு போயி நிக்கறது வேற, கட் பண்றது வேற. எனக்குத் தெரியாதா? சந்தூக்கத் தூக்க விடாம நிறுத்தி வச்சிருக்கேன். ஹஜரத்து, 'என்னப்பா, அவுரு பாத்துட்டாரா'ங்கறாரு. அத்தன பேருக்கு முன்னால நீ கட் பண்ற."

"வெரலு மரத்துப் போச்சுடா. எங்க படுதுன்னே தெரியல."

"ஒரு பட்டன அமுக்க முடியாத அளவுக்கு என்னா குளிரு அது? ஊட்டிக்கு நானுந்தான் போயிருக்கேன்."

ஊட்டி என்றதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். "பாக்கப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போ. வெரல் மேல ஏன் பழியப் போடற?" என்றான் அவன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக நான் எது அனுப்பினாலும் யூசுப் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவான். பெருநாள் வாழ்த்துக்குக் கட்டைவிரல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதா என்று கேட்டாலும் கட்டைவிரல். அம்மாவிடம் நான் பேசும்போது போனைப் பிடித்துக் கொடுப்பவன் அவன்தான். அவன் கைக்கடிகாரம் தெரியும், முகம் தெரியாது. கூடப்பிறந்தவன் ஒருவன்தான். அவனையும் இழந்துவிட்டேன் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"ஒருவாட்டியாவது அழுதுடுங்களேன்" என்று ஷமீம் சொல்வாள். வந்தால் அழமாட்டேனா?

5

பிறைக் கணக்குப்படி வருடம் சற்று முன்னதாகவே முடிந்துவிடும். இந்த மாத ஆரம்பத்தில் அம்மா சொன்னார்கள், வர்ற வியாழக்கிழமை அத்தாவுக்கு வருஷ ஃபாத்திஹா, நீ வேலைக்குப் போனாலும் நேரம் பார்த்து ஓதிக்கொள் என்று. ஷமீமின் சித்தி மகன் ஊரிலிருந்து வந்தபோது அவனிடம் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பாட்டிலுக்கு நான்கு பாலிதீன் பை, மேலே அத்தா கடை லுங்கி ஒன்று. தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். தலையில் இருப்பதே கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் அத்தா தலைக்கு எண்ணெய் வைப்பார். ஒரு கைநிறைய ஊற்றி, தலைக்குப் போக மிச்சம் கையில் இருப்பதைச் சைக்கிளுக்குத் தேய்ப்பார். பூட்டு, மணி, சீட்டு ஸ்பிரிங், செயின் எல்லாவற்றுக்கும். கடல்காற்றில் துரு பிடிக்காமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அத்தா அதைச் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு குளியலாகச் செய்வார். பின்சக்கர நடுவில் இருக்கும் ஃப்ரீவீலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பார். "சைக்கிளுக்கு எண்ணெ காட்டாதவன் பொண்டாட்டிக்கு என்னாத்தடா சோறு போடப்போறான்" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொல்வார். நானும் யூசுபும் கண்ணைச் சிமிட்டிக்கொள்வோம்.

எனக்கு வாரத்தில் ஞாயிறுதான் ஓய்வு. ஃபாத்திஹாவுக்கு முந்தின ஞாயிறு மதியம் பாட்டிலை ஹீட்டர் மேல் வைத்து உருக்கி, தலைக்கு வைத்துக்கொண்டேன். கையில் மிச்சம் இருந்தது. மிச்சத்தைக் கழுவ மனசில்லை. சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஷமீம் முறைத்துக்கொண்டிருக்க, பூட்டிலிருந்து ஆரம்பித்து ஃப்ரீவீல் வரை எண்ணெய் விட்டேன். நஸ்ரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனாள். மிதியைப் பின்பக்கம் சுற்றினேன். கிரிகிரி என்று அழகாகச் சுற்றியது.

தேங்காய் எண்ணெய் உறையும் என்பது புதுச்சேரிக்காரனுக்குத் தெரியாதா? மார்கழிக் காலையில் பாட்டிலை மொட்டைமாடிச் சுவரில் வெயிலுக்கு வைத்து வளர்ந்தவன்தானே நான். சைக்கிளைப் பார்த்தால் அது நினைவுக்கு வரவில்லை. சைக்கிளுக்கு எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் புத்தியில் இருந்தது.

திங்கள் காலை பனி கணுக்கால் அளவு இருந்தது. தெருமுனைவரை சைக்கிள் சொன்னபடி கேட்டது. அடுத்த தெருவில் இரண்டு முறை மிதி வழுக்கியது. பிறகு மிதியைச் சுற்றினால் மிதி மட்டும் சுற்றியது. சக்கரத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். செயின், பல்சக்கரம், ஃப்ரீவீல் எல்லாம் மெழுகு ஊற்றியது போல வெள்ளையாக இறுகியிருந்தது. உள்ளே சக்கரத்தைப் பிடிக்கவேண்டிய சின்னப் பற்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. ஒரு கிழவர் நாயோடு நின்று பார்த்துவிட்டு, என்ன கிரீஸ் போட்டீர்கள் என்று கேட்டார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று எந்த பாஷையில் சொல்வது? கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

6

வேலைக்குத் தாமதம். ஷெஃப் கடிகாரத்தைப் பார்த்தார், என் மீசையில் இருந்த பனியைப் பார்த்தார், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சைக்கிளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொதிகலன் குழாய் பக்கத்தில் சாய்த்துவிட்டு வண்டிகளை நிரப்பப் போனேன்.

எல்லாம் மாடிக்குப் போனபிறகு திரும்பி வந்தால் சைக்கிள் அடியில் ஒரு சின்னக் குட்டை. ஃப்ரீவீலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சமையலறையில் காப்பி வாசனை இல்லை, ரொட்டி வாசனை இல்லை. தேங்காய் எண்ணெய் வாசனை. மர்த்தின் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து மூச்சை இழுத்தாள். "ஆ! கடற்கரை, விடுமுறை! வெயிலுக்குத் தடவிக்கொள்வோமே, அந்த வாசனை" என்றாள்.

"இல்லை" என்றேன். "எங்கப்பா."

மர்த்தின் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். நான் துடைக்கவில்லை. அந்த நாற்றம் பிடித்த கதையைப் பார்த்துச் சிரிக்க உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அதனால்தான் போனை எடுத்தேன். காலையில் தெருவில் ஃப்ரீவீல் இறுகிக் கிடந்தபோது போனில் எடுத்திருந்த படத்தையும், இப்போது சொட்டுவதையும் யூசுபுக்கு அனுப்பி, "அத்தா மாரி சைக்கிளுக்கு எண்ணெ காட்னேன்டா. நடு ரோட்ல கவுத்துட்டுது" என்று குரலில் சொன்னேன். கட்டைவிரல் வரும் என்று காத்திருந்தேன்.

கட்டைவிரல் வரவில்லை. குரல் வந்தது. பின்னால் விழுப்புரம் ரோட்டு பஸ்களின் ஹாரன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான்.

"ஏன்ணே, ஒனக்கு அறிவு இருக்குதா? வெயில்ல வையி, உருகிடும்."

உடனே இன்னொன்று வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"அண்ணே… அங்க எண்ணெயே கல்லா ஆயிடுதா? இரும்புல பூசுனது… பெடல மிதிச்சாகூட நவுற மாட்டேங்குதா?" மறுபடி ஹாரன். "அன்னிக்கி ஒன் வெரலும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்தது. ஒரு வருடம் எங்கே இருந்ததோ, மூக்காலும் வாயாலும் வந்தது. எங்கத்தா செத்துப்போய்விட்டார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே தெரிந்த விஷயம். இப்போதுதான் வலித்தது. கொதிகலன் குழாயைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் குட்டையில் ஒரு காலை வைத்துக்கொண்டு அழுதேன். மர்த்தின் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமலிருக்க.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. யூசுப், வீடியோ.

சைக்கிளைத் தள்ளி வந்த விரல்கள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. நுனியெல்லாம் தெறித்தது. பச்சையில் வைத்து மெதுவாக இழுத்தேன். கண்ணாடியின் வழவழப்பு நுனிவரை தெரிந்தது.

யூசுப் வந்தான். ஒரு வருடத்தில் தாடி நரைத்து, முன்மண்டை ஏறி, கன்னம் ஒட்டி, அசல் அத்தாவாகியிருந்தான். ரோட்டோரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே வைத்து என்னையே பார்த்தான். நானும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னாண்ணே, அழுவறியா?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.